ஷெட்டுக்குள் இழுத்த ஜெனரேட்டர்

அவிநாசிபாளையம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜாவித்துக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், ஓமனில் எண்ணெய்க் கிணற்று வேலையில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். உயிரோடு என்று எழுதக் காரணம் இருக்கிறது, பதறாமல் படி. போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை ஆடிக் காற்றில் லைன் அறுந்து கரண்ட் போய்விட்டது. பொங்கலூர்ப் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாடிகளெல்லாம் வெறிபிடித்த மாதிரி சுற்றுகின்றன, நம் பனியன் கம்பெனியில் ஒரு பல்பு எரியவில்லை. சரக்கு நின்றுவிடுமே என்று உன் அத்தா ஜெனரேட்டரைப் போடச் சொல்லிவிட்டு வெளியே போனார். சாரல் அடித்ததால் சூப்பர்வைசர் தங்கராஜ், நனைஞ்சா கெட்டுப்போயிருமுங்க என்று அதை ஷெட்டுக்குள், தையல் ஹாலை ஒட்டியே இழுத்து வைத்து ஷட்டரையும் இறக்கிவிட்டார். மத்தியானம் நான் டீ கொண்டுபோனேன். மெஷின் சத்தம் கேட்கிறது, பேச்சுச் சத்தமே இல்லை. நம் பெண்கள் ஒரு நிமிஷம் வாய் மூடுவார்களா? உள்ளே லைட் பளிச்சென்று எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எல்லாரும் மெஷின் மேல் தலை சாய்த்திருக்கிறார்கள். முகமெல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி சிவந்து அழகாயிருந்தது. அதுதான் கண்ணு எனக்கு இன்னும் பயம். ஒடிசாப் பெண் பிரியங்காவின் கால் மட்டும் பெடலை அழுத்தியபடி இருக்க, ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. மைதிலி லேசாகக் கண்ணைத் திறந்து, தூக்கமா வருதுங்க்கா, கொஞ்ச நேரம் உடுங்க என்று சிரித்தாள். எனக்கும் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தும்விட்டேன். டீ கவிழ்ந்து காலைச் சுட்டதில்தான் எழுந்தேன். எப்படியோ ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கத்தினேன். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் ஓடிவந்து இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொருவராகத் தூக்கி மழையில் கிடத்தினார்கள். முகத்தில் தண்ணீர் பட ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், பிரியங்கா எழவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து மறுநாள்தான் கண் திறந்தாள். திறந்ததும் கேட்டது, பீஸ் முடிஞ்சுதா அக்கா என்று. டீசல் புகையில் வாசனையே இல்லாத விஷம் ஒன்று இருக்கிறதாம், முகம் சிவந்ததும் அதனால்தானாம், டாக்டர் சொன்னார்.

லைன் இன்னும் சரியாகவில்லை. நேற்று ஜெனரேட்டரை வெளியே வேப்பமரத்தடியில் போட்டுத் திரும்ப ஓட்டினார்கள். வேண்டாமுங்க என்றேன். அத்தா முகத்தைப் பார்க்காமலே, டீசல் இல்லாம எதை வச்சு ஓட்டறது சைதூ, நம்ம பையன் சம்பளமே அதுலதான வருது என்றார். இன்ஜின் உறுமியதும் ஹாலில் அத்தனை கைகளும் அந்தரத்தில் நின்றன. மைதிலி எழுந்துபோய் ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாரும், இருக்கறனுங்க என்று சொன்ன பிறகுதான் தைக்க உட்கார்ந்தாள். இப்போது அடிக்கடி அப்படிக் கூப்பிடுகிறாள். யாரும் சிரிப்பதில்லை.

அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பானாக. உங்கள் கேம்பிலும் ஜெனரேட்டர்தானாமே, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று இன்றைக்கே போய்ப் பார். தூங்கும்போது ஜன்னலைத் திறந்து வை.

துஆவுடன்,
உன் அம்மா
சைதுன்னிசா