நாலு மணி டைமர்

அன்புள்ள தம்பிக்கு,

குடும்ப குரூப்பில் போட முடியாது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். கனடாவிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை அம்மா நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். என்ஜினைச் சூடாக்க ஒரு ஹீட்டர், அதை எழுப்பிவிட ஒரு டைமர் என்பதெல்லாம் மலேசியாவில், நம் பெக்கான் நானாஸில் யார் கண்டது? இங்கே வண்டியை நிழலில் நிறுத்தத்தான் சண்டை.

"விடியக்காலம் நாலு மணிக்கு அதுவே ஆன் ஆயிரும்க்கா. மூணு விண்டரா வண்டி ஒரு நாள்கூட ஸ்டார்ட் ஆகாம இருந்ததில்ல லா" என்கிறாய் வீடியோவில்.

"எம்புள்ள புத்தியைப் பாரு" என்றார் அம்மா. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போன ஜனவரியில் அப்பா தவறியபோது, குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஃபிளைட்டை விட்டுவிட்டேன் என்றாய். அடுத்த ஃபிளைட்டில் வந்துவிடுவாய் என்று அவரை ஒரு நாள் கூடுதலாக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கடைசியில், அப்பா பத்து வருடமாக முகம் கொடுத்துப் பேசாத என் வீட்டுக்காரர்தான் கொள்ளி வைத்தார்.

'பாவம், வண்டி கெட்டுப்போச்சு' என்றுதான் அம்மா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது தடவை போடச் சொல்வதற்குள் அந்த வீடியோவை அழித்துவிடு.

அக்கா