முப்பத்தேழாம் வளைவு

ஓட்டப் படத்தை வெட்டித் தொகுப்பதில் மூன்று கருத்துகள்:
1. ஓடுபவரின் மூச்சுச் சத்தத்தைப் பாட்டால் மூடக் கூடாது.
2. கால் தரையில் பதியும் கணத்தில் காட்சியை வெட்ட வேண்டும்.
3. ஓடுபவர் நிற்பதைக் காட்டக் கூடாது; பார்ப்பவர் விலகிவிடுவார்.

ஹெட்போனை மாட்டியதும் உங்கள் மூச்சுதான் முதலில் கேட்டது. நீங்கள் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. முதல் கருத்து உங்களுடையது. நான் சேர்த்திருந்த மேளத்தைக் கேட்டுவிட்டு, "கல்யாண ஊடுங்களா இது? மூச்சு கேக்கட்டும் விடுங்க" என்றீர்கள்.

இரண்டாவதை நானே தப்பும் தவறுமாகப் பழகினேன். அறுபதைக் கடந்த நீங்கள் கொல்லிமலைப் பாதையில் ஓடி ஏறியதை ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து எடுத்தேன். வளைவுக்கு ஒரு காட்சி, எண் பலகையோடு. முப்பத்தேழை மட்டும் விட்டேன். யார் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறும் ஊர் இது.

"முப்பத்தாறுக்கு அப்புறம் முப்பத்தெட்டு வருது. நடுவுல பஸ் ஏறிட்டீங்களா?" என்றார் படத்தைப் பார்த்த சேந்தமங்கலம் டீக்கடைக்காரர். நீங்கள் சிரித்தபடி டீயைப் பாதியில் வைத்தீர்கள்.

நாளை உங்கள் நினைவாக மலையோட்டம். இன்று மாலை மைதானத்தில் படத்தைத் திரையிடுகிறார்கள். "இன்னும் பஸ்ஸுன்னுதான் பேசறாங்க மாமா. முழுசாப் போடுங்க" என்றாள் உங்கள் மகள். மூன்றாவது கருத்தை நம்பி நான் விட்ட இடத்தில் நீங்கள் சாலையோரச் சுவரில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. சேர்த்தேன், எடுத்தேன், மறுபடி சேர்த்தேன். ஓடியதே பொய் என்பதைவிட, உட்கார்ந்தார் என்பது மேல்.

மேலே உள்ளது மதியம் எழுதியது. திரையிடல் முடிந்து இப்போதுதான் திரும்பினேன்.

முப்பத்தேழு வந்ததும் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். மைதானத்தில் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு உங்கள் குரல்: "கேமராவ அணைக்காதீங்க. உக்காந்ததும் ஓட்டத்துல சேர்த்திதானுங்க." அன்று அதைக் கேட்டும் வெட்டியிருந்தேன். திரையில் நீங்கள் எழுந்தீர்கள், ஓடினீர்கள். முப்பத்தெட்டாம் பலகை கடந்தது.

டீக்கடைக்காரர் உங்கள் மகள் பக்கம் திரும்பினார். "அதே செவுத்துலதான் கண்ணு, மொளகு மூட்டையோட நானும் உக்காருவேன். நான் எந்திரிக்கறதுக்குள்ள பஸ்ஸே வந்துரும். உங்கப்பா எந்திரிச்சு ஓடறாரு பாரு."

கடைசி வளைவு வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. மூன்றாவது கருத்து தவறுங்க.