மணியத்தின் சிவப்பு நாடா

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. பக்கத்து வீட்டு நாய் என் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்ய.

பகலில் குமரன் போன். என்னோடு பட்டாளத்தில் இருந்து செத்துப்போன மணியத்தின் மகன். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலை. பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் வீடு கட்டப் போகிறார்களாம். சனிக்கிழமைக்குள் மணியத்தைத் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

"எலும்ப எடுத்து எரிச்சு லூமுட் கடல்ல கரைச்சிடலாம் மாமா. மொத எலும்ப நீங்கதான் எடுக்கணும். எனக்கு அப்பா மொகமே தெரியாது லா. கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதானே."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

நவ. 5, புதன்

புழுக்கம். மணியத்தின் மனைவி சரோஜா சொன்ன சாமான்கள்: பால் 2 பாக்கெட், மஞ்சள் தூள், வெள்ளைத் துணி, புது மண்சட்டி, கையுறை. கையுறை ஜெலாப்பாங் கடையில் கிடைத்தது. சட்டிக்கு நாளை அலைய வேண்டும்.

நாற்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. எழுதியாவது வைக்கிறேன்.

பட்டாளத்தில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டில் ரோந்து போகும்போது தொப்பியைச் சுற்றி நாடா. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் மஞ்சள். இன்றைக்கு எந்த நிறம் வெளியே தெரிய வேண்டும் என்று ரேடியோவில் வரும். நிறம் தப்பினால் எதிரி. கம்யூனிஸ்டுகளும் பச்சைச் சட்டைதான். அன்று ரேடியோ என் பொறுப்பு. முந்தின நாள் சிவப்பு. இனி மஞ்சள் என்று வந்தது. எல்லாரிடமும் சொன்னேன். மணியம் மட்டும் தண்ணீர் பிடிக்க ஓடைக்குப் போயிருந்தான். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று டீ குடித்தேன். அப்படியே காவலுக்குப் போய்விட்டேன். மூங்கிலுக்குள் சிவப்பு தெரிந்தது.

சுட்டது நான். ஒரே குண்டு.

எதிரி சுட்டதாக அதிகாரி எழுதிக்கொண்டார். சரோஜாவிடம் நானும் அதையே சொன்னேன். அப்போது குமரன் அவள் வயிற்றில். அன்றிலிருந்து நான் அவளுக்கு அண்ணன். போன மாதம் தீபாவளிக்கும் அவள் கையால்தான் சாப்பிட்டேன்.

நவ. 7, வெள்ளி

மழை. சட்டி வாங்கியாச்சு.

திடீரென்று ஞாபகம்: சவப்பெட்டியை மூடும் முன் சரோஜா மணியத்தின் தொப்பியை அவன் நெஞ்சில் வைத்தாள். தொப்பி மக்கியிருக்கும். நாடா நைலான். மக்குமா?

நாடா கதையைக் குமரனுக்குச் சின்ன வயதில் நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் மஞ்சள் என்றும் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா.

முதல் கை என்னுடையது. எடுத்துப் பைக்குள் போட்டுவிடலாம். பயமாக இருக்கிறது.

நவ. 8, சனி

கா. 8க்கே இடுகாடு. ஒரே சேறு. தோண்டுகிறவர்கள் இரண்டு பேர், நான், குமரன், சரோஜா. பெட்டிப் பலகை எதுவும் மிச்சமில்லை. முதலில் பெல்ட் வளையம். பிறகு அது. மண்ணைத் தட்டினேன். முடிச்சு அவிழாமல் சிவப்புப் பக்கம் வெளியே, நேற்றுக் கட்டியது போல.

குமரன் பால் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். நாடாவைப் பைக்குள் போட்டேன்.

எலும்புகளைப் பாலில் கழுவினோம். தொடை எலும்பைத் தன் தொடையோடு வைத்துப் பார்த்தான் குமரன். "அப்பா என்னவிட ஒசரமா மாமா?" அழுதுவிட்டான். நானும். அது நடிப்பில்லை.

அவன் சட்டியைக் காரில் வைக்கப் போனான். சரோஜா பக்கத்தில் வந்தாள்.

"பையில போட்டத எடுங்க அண்ணே."

எடுத்தேன்.

"அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தீங்கள்ல, உங்க அஞ்சு பேரு தொப்பியிலயும் மஞ்சள். அவருக்கு மட்டும் இது. கலர் தப்புனா கூட இருக்கிறவனே சுட்டுருவான்னு லீவுல வந்தப்ப சொல்லியிருக்காரு."

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் சோறு போட்ட?"

"அஞ்சு பேருல யாருன்னு தெரியாது. நீங்களா இருக்காதுன்னு நெனச்சேன். இப்ப நீங்க ஒளிச்சீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குமரன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நானே என்றேன். நாடாவை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மா. 4 எரித்தோம். குமரனிடம் சொல்வதை நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

நவ. 9, ஞாயிறு

மழை இல்லை. நாய் செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

கா. 7 குமரனுக்குப் போன். லூமுட் போகும் முன் ஒரு விஷயம் பேச வேண்டும், வீட்டுக்கு வா என்றேன்.

"பத்து மணிக்கு வாரேன் மாமா. அம்மா வரலயாம். நீங்களும் நானும் மட்டும் போலாம். அப்பாவையும் கையோட கொண்டாரேன்."

9.40. சட்டை மாற்றியாச்சு. ஒன்றும் சாப்பிடவில்லை.

9.50. கேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

கார் சத்தம். சாம்பல் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். மாமா என்று கூப்பிடுகிறான்.