படத்து வீட்டில் பெருநாள்

மகளே,

நீ சிறுமியாக நடித்த படத்தின் வீடு என்று நம் வீட்டைப் பார்க்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். நீ போனதிலிருந்து நான் யாரையும் உள்ளே விடுவதில்லை. பெருநாளன்று ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒரு சிறுமி, "தாத்தா, அந்த நீலச் சன்னலை மட்டும் பாத்துட்டு ஓடிர்றேன்" என்று கெஞ்சினாள். விட்டேன்.

படுக்கையில் கிடந்த உன் அம்மாவைக் கண்டதும், பெரியவர்களிடம் பெருநாளில் செய்வதுபோல் மண்டியிட்டு, கையை முத்தமிட்டு, மன்னிப்புக் கேட்டாள்.

"நூர்லேலா, வர்றதுக்கு இவ்ளோ நாளாடி?" என்று, அவளை நீயென்று நினைத்து, அம்மா அவள் தலையைத் தடவினாள். சோறே இறங்காதவள், அந்தப் பிள்ளை ஊட்டச் சாப்பிட்டாள்.

என்னைக் கேட்காமல் நீ கல்யாணம் செய்தது தவறுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் மருத்துவர் கைவிரித்துவிட்டார். என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். வரும் நாளை மட்டும் சொல். அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

கோபம் தீராத
உன் அப்பா