கிட்டார் கழுத்தில் அபிநயாவின் ரப்பர் பேண்ட்

அன்புள்ள மலர்விழி,

என் இடது கை எலும்பில் குறையில்லை என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இன்று காலை சொன்னார். பயப்படாதே. திருக்கோவிலூரில் உனக்கும் நம் குட்டி அபிநயாவுக்கும் காய்ச்சல் விட்டதா?

மூன்று வாரமாக இரண்டு விரல்கள் மரத்திருக்கின்றன. பேஸ் கிட்டாரில் ஒரு கம்பியை வாசிக்கும்போது மற்றவற்றை இந்த விரல்கள்தான் தொட்டு அடக்க வேண்டும். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து முனகும். சனிக்கிழமை ஓட்டல் மேடையில் அப்படித்தான் ஆனது.

மறுநாள், என் பையில் கிடந்த அபிநயாவின் வெல்வெட் ரப்பர் பேண்டை கிட்டார் கழுத்தின் நுனியில் கம்பிகளோடு சேர்த்துச் சுற்றினேன். முனகல் பெரும்பாலும் நின்றது. டிரம்ஸ் வாசிக்கும் கடலூர் தனசேகரன், "இன்னாய்யா, கிட்டாருக்கு ஜடை போட்டுக்கினு வந்துட்ட?" என்றான். நானும் சிரித்தேன்.

இதற்கென்றே கடையில் பட்டை விற்கிறார்கள். வாங்கவில்லை. இதில் அவள் முடி ஒன்று சிக்கியிருக்கிறது, எடுக்கவில்லை. ரப்பர் தளர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு அனுப்பு. அவள் போட்டுப் பழசானதே போதும். விரல் விஷயத்தை அவளிடம் சொல்லாதே.

ஓட்டலுக்குப் போக வண்டி வந்துவிட்டது. நரம்புப் பரிசோதனை முடிவு புதன்கிழமை வரும். அதைப் பார்த்துவிட்டு, என்னை வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக ஓட்டல் மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

பகலவன்
தோஹா