டர்போ ஆறும் நிமிடம்

வியாழன், இரவு.

அந்த மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாயங்காலம் எங்கள் பழைய டீசல் காரை சர்வீஸிலிருந்து எடுக்கப் போனோம். இவர் பில் கட்டப் போயிருந்தார். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜினைப் பிரிக்கவே இல்லையா என்று மெக்கானிக் ஆச்சரியப்பட்டார்.

"வண்டிய நிறுத்தினாலும், டர்போ சூடு ஆற ஒரு நிமிஷம் ஓடவிடாம எங்க வீட்டுக்காரர் இன்ஜின ஆஃப் பண்ண மாட்டாருங்க," என்றேன்.

"ஊருக்குள்ள ஓட்டுறதுக்கு அதெல்லாம் தேவையில்லீங்க. ஹைவேல விரட்டிட்டு வந்தாத்தான்," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி ஓட்டும்போது இவர் பேசமாட்டார். தினமும் என்னை ஆபீஸிலிருந்து கூட்டிவந்து, கோவில்பத்து வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு இவர் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வதே. உள்ளே போனால் மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் பாடம், அப்புறம் தூக்கம்.

மெக்கானிக் சொன்னதை இவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மனசு கேட்கவில்லை. வாசலில் வண்டி நின்றதும் சொல்லிவிட்டேன். டீசல் விற்கிற விலைக்கு உடனே ஆஃப் செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது வண்டி வாங்குனப்பவே தெரியும் ஸ்டெல்லா. நீ சொல்லு, இன்னிக்கு ஆபீஸ்ல என்ன?"