பூத்ததை மண்ணுக்குக் கொடுத்தோம்

பூண்டுலோயா

அன்பு மகன் கிஷாந்துக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் அப்பாவும் சுகம், கொரியாக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ பயந்துபோவாய். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் நம் மரக்கறித் தோட்டம்தான் சங்கதி. மூன்று போகம் கோவா இலை சுருண்டு உருண்டை கட்டவில்லை, கரட்டும் கைவிட்டது, மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டதுபோல் எகிறியது, அதனால்தான் ஒப்பந்தம் முடிந்ததும் வந்து விவசாயம் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது, இந்தச் செத்த மண்ணை நம்பி வராதே என்று இருவரும் உன்னைத் திட்டினோம். நீ கோபப்படவில்லை, சணல் விதைத்துப் பூக்கத் தொடங்கியதும் வெட்டி மண்ணுக்குள்ளேயே புதையுங்கள், இங்கே என் முதலாளியும் ஒரு பயிரை அப்படித்தான் புதைக்கிறார் என்று மட்டும் சொன்னாய். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. பொதைக்கிறதுக்கா பயிர் வைப்பாங்க, உம்மகனுக்குக் குளிரு மண்டையில ஏறிருச்சு என்றார். சிரித்துக்கொண்டே விதைத்ததும் அவர்தான்.

ஒன்றரை மாதத்தில் என் தோளுக்கு வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது, லயமே வந்து பார்த்தது. வெட்ட எனக்குக் கை வரவில்லையடா, பூத்து நிற்பதை மிதித்துப் புதைப்பது பாவமாகப் பட்டது, அப்பாவிடம் சண்டை போட்டுக் கடைசிப் பாத்தியை மட்டும் வெட்டாமல் காப்பாற்றினேன். மற்றதையெல்லாம் அப்பா வெட்டிப் புதைத்தார், மூன்று கிழமை மக்கவிட்டு நேற்றுக் காலை கொத்தப் போனோம். என்னவென்று சொல்வேன் மகனே! மண் கறுத்துப் பொலபொலவென்று கிடக்கிறது, கையை விட்டேன், மணிக்கட்டு வரை உள்ளே போனது. அள்ளின பிடியெல்லாம் மண்புழு. இத்தனை வருடம் உர மூட்டை கொட்டிய இடத்தில் ஒரு புழுவைக் கண்டதில்லை, இவற்றை யார் கூப்பிட்டார்கள், எந்த வழியாக வந்தன, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் காப்பாற்றிய பாத்தியோ தண்டு முற்றி விறகாகி, மண் பழையபடி இறுகிக் கிடக்கிறது. இரக்கத்துக்கும் புத்தி வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிறவர்போல் அந்த மண்ணில் இறங்கினார். குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, வராதேன்னு சொன்னது தப்பு மார்கிரட், புள்ளைய வரச்சொல்லி நீயே எழுதிரு, என்னால வாய்விட்டுச் சொல்ல முடியாது என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வாள். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்தானே இருக்கிறது, கோவாவுக்கும் அதே மூன்று மாதம்தான். நாளைக்குக் கன்று நடுகிறோம். வெட்ட நீ வந்துவிடு.

உன் அம்மா,
மார்கிரட் றோலண்ட்